போனைக் கவிழ்த்து வையுங்கள்

(பெரியவர்களான பிறகு வரையத் தொடங்கியிருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்)



முப்பது, நாற்பது, ஐம்பது வயது தாண்டிய பிறகு முதல் முறையாகப் பென்சிலும் நோட்டும் வாங்கி வரைய உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். பிள்ளைகளுக்கு இதில் ஒன்றும் இல்லை. நம் உபதேசம் இல்லாமல் விட்டாலே அவர்கள் நன்றாக வரைந்துகொள்வார்கள்.

நான் அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், என் வீட்டுத் திண்ணையில், மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். வங்கியில் ஓய்வு பெற்றவர்கள், நர்ஸ்கள், ஒரு மளிகைக்கடைக்காரர், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தனியாக இருக்கும் அம்மாக்கள் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். தெரியாத ஒன்றை இந்த வயதில் அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொள்ள வருவதற்குத் துணிச்சல் வேண்டும். அதற்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கும்பிட்ட கையோடு ஒரு சண்டையும் போட வேண்டியிருக்கிறது.

சண்டை உங்கள் போனைப் பற்றியது.

புதிதாக வருகிறவர் உட்கார்ந்ததும் முதலில் என்ன செய்கிறார் தெரியுமா? தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைக்கிறார். அதில் ஒரு நடிகரின் படம் இருக்கும். இல்லாவிட்டால் முருகன் படம், அதுவும் இல்லாவிட்டால் பேரக்குழந்தையின் முகம். படத்தின் மேல் கட்டம் போட்டுத் தர ஓர் ஆப் இருக்கிறதாம். தாளிலும் ஸ்கேல் வைத்து அதே அளவு கட்டங்கள். பிறகு ஒவ்வொரு கட்டமாக நிரப்பும் வேலை. தாடியில் ஒவ்வொரு முடி, புருவத்தில் ஒவ்வொரு முடி. காது குடையும் பஞ்சுக் குச்சியால் தேய்த்துத் தேய்த்துக் கன்னத்துக்கு வழவழப்பு. வாரக்கணக்கில் உழைத்து முடித்ததும் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போடுகிறார். "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு!" என்று பதில்கள் வந்து விழுகின்றன. நானும் பார்க்கிறேன். அப்படியேதான் இருக்கிறது. பொறுமையைக் குறை சொல்லவே முடியாது.

அதன் பிறகு ஒரு காபி டம்ளரை அவர் முன்னால் வைத்து, "இதை வரைங்க" என்கிறேன். கை அப்படியே நின்றுவிடுகிறது. நடிகரின் தாடியில் ஒரு முடி விடாமல் போட்டவருக்கு டம்ளர் வரவில்லை. வரைந்து முடித்த டம்ளர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. வாய் ஒரு திசையைப் பார்க்கிறது, அடி வேறொரு திசையைப் பார்க்கிறது. உடனே அந்தப் பழைய பல்லவி: "எனக்குக் கை வராது சார்."

கைக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கை இத்தனை நாளும் வரையவே இல்லை, படியெடுத்துக்கொண்டிருந்தது. இதைத்தான் உங்கள் மனம் நோகும் என்று தெரிந்தே சொல்கிறேன்.

டம்ளரிலேயே இன்னும் கொஞ்ச நேரம் நிற்போம். ஏனென்றால் ஒரு புதியவர் கற்க வேண்டியதில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. எவர்சில்வர் டம்ளரை மேஜைமேல் வைத்து, எதிரே நாற்காலியில் உட்காருங்கள். டம்ளரின் வாய் என்ன வடிவம்? வட்டம் என்பீர்கள். வட்டம்தான்; கடைக்காரரைக் கேட்டாலும் அதையே சொல்வார். ஆனால் நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து உங்கள் கண்ணில் விழுவது வட்டமில்லை, நீண்டு ஒடுங்கிய முட்டை வடிவம். அதன் இரண்டு ஓரங்களும் வளைந்துதான் திரும்பும், கூர்முனையாக முடியாது. சந்தேகமிருந்தால் டம்ளரை மெல்லத் தூக்கிக் கண் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். வாய் ஒடுங்கி ஒடுங்கிக் கடைசியில் ஒற்றைக் கோடாகிவிடும். மெல்ல இறக்குங்கள், மறுபடியும் திறந்துகொள்ளும். நின்றுகொண்டு நேர் மேலிருந்து பார்த்தால்தான் அது முழு வட்டம்.

இப்போது அடிப்பக்கம். ஏறக்குறைய எல்லாப் புதியவர்களும் டம்ளரின் அடியில் ஸ்கேல் வைத்ததுபோல் ஒரு நேர்கோடு இழுப்பார்கள். டம்ளர் மேஜைமேல் தட்டையாக நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்த விஷயம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. உற்றுப் பாருங்கள், அடியும் வளைவுதான். வாயைவிட அடி உங்கள் கண் மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது. அதனால் அகலம் குறைந்தாலும் அதன் வளைவு வாயின் வளைவைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். பக்கத்திலிருக்கும் டபராவைப் பாருங்கள், அதே கணக்கு அங்கேயும் நடக்கும். குடத்துக்கும் இதே கணக்கு; தூணுக்கும், கிணற்று உறைக்கும், தாராசுரம் கோயில் கல்தேரின் சக்கரத்துக்கும் இதே கணக்குதான்.

என் வகுப்புக்கு வரும் ஓர் அம்மா, வங்கியில் கணக்கு எழுதியே காலம் கழித்தவர், இதைக் கேட்டுவிட்டு என்னோடு வாதாடினார். "சார், நேராத்தானே நிக்குது? வளைவா இருந்தா ஆடாதா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. "ஒரு கண்ணை மூடிக்கிட்டு, பென்சிலைப் படுக்கவச்சு, டம்ளர் அடிக்கு நேரா பிடிச்சுப் பாருங்கம்மா" என்றேன். பிடித்துப் பார்த்தார். பென்சிலுக்கும் டம்ளரின் அடிக்கும் நடுவே இரண்டு ஓரத்திலும் மேஜை தெரிந்தது. "அட, ஆமா!" என்றார். வரையக் கற்றுக்கொள்வது அந்த "அட"விலிருந்துதான் தொடங்குகிறது. தினமும் கையில் பிடித்துக் காபி குடித்த பாத்திரத்தை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார்.

போன் படம் உங்களிடமிருந்து பறித்துக்கொள்வது இந்தக் கணத்தைத்தான். எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எங்கே நின்று பார்ப்பது, எந்த வெளிச்சம் என்று எல்லாவற்றையும் கேமரா முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. கனமுள்ள பொருளைத் தட்டையாக்கும் வேலையையும் அதுவே செய்துவிட்டது. வரைவதில் கடினமான பாதி அதுதான். அதைக் கருவியிடம் கொடுத்துவிட்டு மீதிப் பாதியை, அதாவது நிழல் தீட்டுவதை மட்டும் வைத்துக்கொண்டு, "ஆறு மாதமாக வரைகிறேன், முன்னேற்றமே இல்லை" என்று என்னிடம் குறைப்படுகிறீர்கள். எப்படி இருக்கும்?

கேமரா பொய்யும் சொல்லும். கையெட்டும் தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்து, காது பின்னுக்கு ஒதுங்கிச் சிறுத்திருக்கும். நேரில் அந்த முகத்தைத் தினமும் பார்க்கிற நீங்களே போனில் இருக்கும் மூக்கை மிக உண்மையாக அளந்து அளந்து வரைகிறீர்கள். நிழல் பகுதிகளைக் கேமரா கரியைப் பூசியதுபோல் இருட்டாக்கிவிடும். நேரில் பார்த்தால் அந்த நிழலுக்குள்ளே சுவரின் மஞ்சள் ஏறியிருக்கும், புடவையின் சிவப்பு தெறித்திருக்கும். போனை நம்பியவர் அதைக் காணவே மாட்டார்.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு முக்கியம். புகைப்படத்தில் கோடே கிடையாது. கருப்பும் வெளுப்பும் கலந்த புள்ளிகள்தான் உண்டு. கோடு என்பது வரைகிறவர் எடுக்கும் முடிவு. "நிஜப் பொருளிலும் கோடு இல்லையே" என்று நீங்கள் மடக்கலாம். இல்லைதான். ஆனால் நிஜப் பொருளை எட்டிப் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம், பின்னால் போய் அது எங்கே திரும்புகிறது என்று தெரிந்துகொண்டு வரலாம். அந்தத் திருப்பம் தெரிந்த கை போடும் கோடு வேறாக இருக்கும். டம்ளரின் விளிம்பை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு வரையுங்கள். விளிம்பின் மடிப்பு உங்கள் கோட்டில் தானாகக் கொஞ்சம் தடிக்கும்.

இந்த இடத்தில் உங்களில் படித்தவர்கள் குறுக்கிடுவார்கள். "பெரிய பெரிய ஓவியர்களே பார்த்துப் படியெடுத்துத்தானே கற்றார்கள்? வான்கோ படியெடுக்கவில்லையா?" என்பார்கள். நியாயமான கேள்வி. வின்சென்ட் வான்கோ ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880இல், 27 வயதில். அதற்கு முன் கலைப்பொருள் விற்கும் கடையில் வேலை, பள்ளியில் ஆசிரியர் வேலை, சுரங்கத் தொழிலாளர்களிடையே மதப் பிரசாரம் என்று பலவற்றில் கால் வைத்துத் தோற்றிருந்தார். முறையாகக் கற்க அவர் எடுத்துக்கொண்டது சார்லஸ் பார்க் என்பவரின் வரைகலைப் பயிற்சித் தாள்களை. அவற்றைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தார். ஆனால் கவனியுங்கள், அவர் படியெடுத்தவை புகைப்படங்கள் இல்லை. இன்னொரு கை ஏற்கெனவே பார்த்து, யோசித்து, கோடாக மாற்றிய சித்திரங்கள். ஒரு தோள்பட்டையை எத்தனை கோட்டில் சொல்லி முடிக்கலாம், எங்கே கோட்டை விட்டுவிடலாம் என்பதை அப்படிப் படியெடுக்கும்போது கற்கலாம். பழைய விகடன் மலரில் வந்த கோபுலுவின் கோட்டுச் சித்திரத்தைப் பார்த்து வரைகிறேன் என்று நீங்கள் சொன்னால், தாராளமாக வரையுங்கள், நானே புத்தகம் தருகிறேன். நடிகரின் போஸ்டரைப் பார்த்து வரைவது அந்தக் கணக்கில் வராது.

"வான்கோவும் கட்டம் வைத்திருந்தாரே?" என்று அடுத்த கேள்வி வரும். வைத்திருந்தார். ஹேக் நகரில் இருந்தபோது, 1882இல், ஒரு சட்டம் செய்வித்து, அதன் குறுக்கே நூல் கட்டி, கடற்கரை மணலில் ஊன்றி அதன் வழியாகப் பார்த்து வரைந்தார். அவருக்கு மூன்று நூற்றாண்டுக்கு முன்பே, 1525இல் வெளியிட்ட புத்தகத்தில் ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் இப்படிப்பட்ட கருவிகளைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். அந்தச் சட்டங்களுக்குப் பின்னால் நிஜமான கடலும் படகும் மனிதரும் இருந்தார்கள். தலையை ஒரு விரற்கடை அசைத்தால் நூலுக்குப் பின்னால் எல்லாம் இடம் மாறிவிடும். ஓவியர் தன் தலையை ஓரிடத்தில் நிறுத்தி, எது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டும். உங்கள் ஆப் போட்டுத் தரும் கட்டத்தில் எதுவும் அசையாது, எதையும் நீங்கள் தீர்மானிக்க வேண்டியதும் இல்லை. கருவியின் மேல் எனக்குப் பகை கிடையாது. உங்கள் கண்ணை வேலை வாங்கும் கருவி எதுவானாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருளைப் பார்க்காமல் வரையும் இந்தப் பழக்கம் போனோடு வந்தது இல்லை. போன் வருவதற்கு முன்பே நமக்குப் பள்ளிக்கூடம் இதைப் பழக்கிவிட்டது. "ஓர் இயற்கைக் காட்சி வரைக" என்றால் நீங்கள் என்ன வரைந்தீர்கள்? இரண்டு மலை, நடுவில் கதிர் வீசும் சூரியன், மலையிலிருந்து வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, அதன் மேல் சாய்ந்த தென்னை, வானத்தில் வளைவு வளைவாக நாலு பறவை. காவிரிப் படுகையில் பிறந்து வளர்ந்த, கண்ணுக்கெட்டிய தூரம்வரை மேடு என்றால் வரப்பு மட்டுமே பார்த்த பிள்ளைகள், வரிசையாக உட்கார்ந்து இந்த இரண்டு மலையையும் வரைந்தார்கள். சன்னலுக்கு வெளியே வயல் இருந்தது. நாற்று இருந்தது, மோட்டார் கொட்டகை இருந்தது, கம்பியில் கரிக்குருவி உட்கார்ந்திருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்ல ஆளில்லை.

ஆளில்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. டிராயிங் பீரியட் என்பது கணக்கு வாத்தியாருக்கும் அறிவியல் வாத்தியாருக்கும் சிலபஸ் முடிக்கக் கடன் கொடுக்கும் பீரியட். எங்களைப் போன்றவர்கள் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்று லோயர், ஹையர் முடித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தோம். மாடல் டிராயிங் என்றாலே பொருளை முன்னால் வைத்துப் பார்த்து வரைவதுதான். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நேரமும் கிடையாது, இடமும் கிடையாது. 2012இல் ஓவியம், தையல், உடற்கல்வி போன்ற பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தபோது, வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம். ஓவியத்துக்கு நம் பள்ளிகள் கொடுத்த விலை அது. ஆகவே உங்களுக்கு வரைய வராமல் போனது உங்கள் தலையெழுத்து இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கை வராது என்று சொல்லும் பெண்களிடம் நான் தனியாகச் சண்டை போடுவதுண்டு. விடியற்காலையில் வாசல் தெளித்து, பதினைந்து புள்ளி வைத்து, இடுப்பை வளைத்து நின்றபடி, விரலிடுக்கில் மாவை ஒரே சீராக விட்டுக்கொண்டே, தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து முடிக்கிறீர்களே, அந்தக் கைக்கா வரையத் தெரியாது? தோளிலிருந்து கோடு இழுப்பது எப்படி என்று ஓவியக் கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்கப் பெரும்பாடு படுவார்கள். உங்களுக்கு அது பழக்கமாகவே இருக்கிறது. கோலத்தில் ரப்பர் உண்டா? ஒரு வளைவு கொஞ்சம் பெருத்தால் பக்கத்து வளைவையும் பெருக்கி ஒப்பேற்றிவிட மாட்டீர்களா? தாளுக்கு முன்னால் உட்கார்ந்ததும் மட்டும் ஏன் பென்சிலைப் பரீட்சை எழுதுவதுபோல் இறுகப் பிடித்து, கம்பளிப் பூச்சி மாதிரி குட்டிக் குட்டிக் கோடாகப் போட்டு, ஒவ்வொன்றையும் அழிக்கிறீர்கள்? வாசலில் இருக்கும் தைரியத்தைத் திண்ணைக்கும் கொண்டு வாருங்கள். ஒன்று மட்டும் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். கோலம் மனதில் இருந்து வருவது. பார்த்து வரைவதற்குக் கண் தாளுக்கும் பொருளுக்கும் நடுவே போய்ப்போய் வர வேண்டும். தாளைவிடப் பொருளை அதிக நேரம் பார்க்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் நேர்மாறாகச் செய்கிறார்கள்: ஒரு பார்வை பொருளை, பத்துப் பார்வை தாளை.

வயதாகிவிட்டது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரவீந்திரநாத் தாகூர் தீவிரமாக வரைய ஆரம்பித்தது அறுபது வயதுக்கு மேல். கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய வரிகளை ஒன்றோடொன்று இணைத்து உருவங்களாக்கிப் பார்த்ததில் தொடங்கி, 1930இல் பாரிஸில் கண்காட்சி வைக்கும் அளவுக்குப் போனார். அவர் தாகூர், நமக்கெப்படி என்று கேட்பீர்கள். சரி, மதுரைக்காரர் மனோகர் தேவதாஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியக் கல்லூரிப் பக்கம் போகாதவர். பாட்டரி தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். விழித்திரை நோயால் பார்வை ஆண்டுக்கு ஆண்டு குறுகிக் குறுகி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆன பிறகும், மதுரையின் தெருக்களையும் கோயில்களையும் பேனா மையால் நுணுக்கி நுணுக்கி வரைந்தார். 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2022இல் காலமானார். அவருடைய மதுரைப் படங்கள் புத்தகமாகக் கிடைக்கின்றன. வாங்கிப் பாருங்கள். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற நாம் என்ன சாக்குச் சொல்லப் போகிறோம் என்று அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

நேரில் பார்த்து வரைவது ஏதோ வெள்ளைக்காரர்கள் வழக்கம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆனந்த விகடனில் சில்பி வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடரை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எடுத்துக் கட்டி வைத்திருப்பார்கள். கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து, அங்கேயே பார்த்துப் போட்டவை அவை. நடிகர் சிவகுமார் 1965இல் சினிமாவுக்கு வருவதற்கு முன் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். திருவண்ணாமலை, மகாபலிபுரம் என்று ஊர் ஊராகப் போய், அந்தந்த இடத்தில் உட்கார்ந்து தீட்டியவர். கேமரா இல்லாத காலம் இல்லை அது. கேமராவை நம்பாத காலம்.

வெளியில் உட்கார்ந்து வரைய உங்களுக்குக் கூச்சம் என்பது எனக்குத் தெரியும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் என் வகுப்பை மகாமகக் குளக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள். ஆளுக்கொரு மண்டபம் என்று பிரித்துக் கொடுத்தாலும் மிச்சமிருக்கும். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் கூட்டம் சேரும். "என்ன சார், அளவெடுக்கிறீங்களா? இடிக்கப் போறாங்களா?" என்று ஒருவர் பதறுவார். "எந்த டிபார்ட்மென்ட்?" என்பார் இன்னொருவர். வேடிக்கை பார்க்கும் சிறுவன் கொஞ்சமும் தயங்காமல், "அந்தத் தூண் கோணலா இருக்கு மாமா" என்பான். அவன் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். திருத்திக்கொள்ளுங்கள். ஸ்டேட்டஸில் வரும் நாற்பது கைதட்டல்களைவிட அந்தப் பையனின் ஒரு வார்த்தை உங்களுக்கு உபயோகமானது, ஏனென்றால் அவன் உங்கள் தாளையும் பார்க்கிறான், தூணையும் பார்க்கிறான்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. நாற்பத்தெட்டு நிறப் பெட்டியை அலமாரியிலேயே வையுங்கள். ஒரு 2பி பென்சில், நாலு தாள், பரீட்சை அட்டை ஒன்று போதும். பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும்; களிமண் கூடினால் ஹெச், கிராஃபைட் கூடினால் பி. 2பியை மெல்லத் தொட்டால் சாம்பல், அழுத்தினால் கருப்பு. பல நம்பர் பென்சில் வாங்கியும் எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் போடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு பேசிவிட்டேன், இனி கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

மூன்று மாதத்துக்குப் போனைக் கவிழ்த்து வையுங்கள். நடிகர்களையும் சாமிகளையும் பேரக்குழந்தைகளின் போட்டோக்களையும் அந்த மூன்று மாதத்துக்கு விட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கிற ஒரு பொருளைத் தினமும் அரை மணி நேரம் பார்த்து வரையுங்கள். டம்ளரில் தொடங்குங்கள். அளவு தெரியவில்லை என்றால், முழங்கையை மடக்காமல் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சில் நுனியை டம்ளரின் மேல்விளிம்பில் பொருத்தி, கட்டைவிரல் நகத்தை அடிவிளிம்பு வரை இறக்குங்கள். அந்த அளவை அப்படியே திருப்பி அகலத்தோடு ஒப்பிடுங்கள். உயரத்தில் பாதிதான் அகலமா, முக்காலா என்று தெரிந்துவிடும். சாய்வு தெரியவில்லை என்றால் கொத்தனாரின் தூக்குக்குண்டுபோல் ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டு அதன் வழியே பாருங்கள். பிடி வைத்த குவளையானால், பிடியை வரையாமல் பிடிக்கு உள்ளே இருக்கும் சந்தின் வடிவத்தை வரையுங்கள். பிடி தானாக வந்து உட்காரும். சந்துக்கு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று உங்கள் மூளையில் பழைய படம் ஏதும் இல்லாததால் அது உங்களை ஏமாற்றாது.

முகம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் கண்ணாடி முன்னால் உட்காருங்கள். தலை உச்சியிலிருந்து முகவாய் வரை பென்சிலால் அளந்து, கண்கள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். ஏறக்குறைய நடுவில் இருக்கும். இதுவரை நீங்கள் வரைந்த முகங்களையும் எடுத்து அளந்துவிடுங்கள். கண்கள் நெற்றிக்கு ஏறியிருக்கும்.

ரப்பரை எங்காவது ஒளித்து வையுங்கள். தப்பான கோட்டுக்குப் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள், இரண்டும் இருக்கட்டும். வரைந்ததை இந்த மூன்று மாதமும் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். வீட்டில் யாராவது எட்டிப் பார்த்து, "இது என்ன, உரலா?" என்று கேட்டால் சிரித்துவிட்டு நோட்டை மூடுங்கள். கேலிக்குப் பயந்து போனுக்குத் திரும்பியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு தாளிலும் தேதி போடுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் முதல் டம்ளரையும் கடைசி டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் கை வராது என்றுதான் தோன்றினால், இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு நேராக என் திண்ணைக்கு வந்து சண்டை போடுங்கள். காபி என் செலவு. டம்ளரும் நானே தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டிராயிங் மாஸ்டர்